இலை பார்ப்பவன்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
கேட் மூடினால் எனக்கு வியாபாரம்.
பாலிதீன் பையில் இலையோடு இறங்குவார்கள்.
கண் மாதிரிப் புள்ளி, நடுவில் சாம்பல்: குலைநோய்.
எள் தூவியதுபோல் பழுப்பு: மண்ணில் சத்தில்லை.
நுனி ஆரஞ்சாகிப் பயிர் குட்டையாய் நின்றால்
துங்ரோ. வைரஸ்.
"மருந்து?" என்பார்கள்.
அதற்கில்லை, அதைச் சுமக்கும் தத்துப்பூச்சிக்கு உண்டு என்பேன்
பில் போட்டுக்கொண்டே.

பதினாறு வருஷம். எந்த இலைக்கும் முழித்ததில்லை.

வியாழன் இரவு நிறைமதி ரசஞ்சோற்றைத் துப்பினாள்.
எரியுதாம். தண்ணீரும் எரியுதாம்.
டார்ச் அடித்தால்
முழங்காலில் புள்ளி, விரலிடுக்கில் புள்ளி.
அரசி பேசாமல் வேப்பிலை ஒடிக்கப் போனாள்.
நான் போனில் படம் படமாய்த் தள்ளினேன்.
எல்லாப் படமும் என் மகளாகவே இருந்தது.

மன்னார்குடியில் டாக்டர் நூருன்னிஷா
முதலில் காதைத்தான் மடக்கிப் பார்த்தார்.
"மணல்வாரி இங்கதான் கால் வைக்கும்."
சட்டையைத் தூக்கினார். வெறும் வயிறு.
"சின்னம்மைன்னா இங்க நீர் கோத்திருக்கும்."
பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார்.

உள்ளங்கால்.
நான் அங்கே பார்க்கவே இல்லை.
பிடுங்கி வேரைப் பார்க்காமல்
யாருக்கும் பதில் சொல்லாதவன்.

"கை, கால், வாய். வைரஸ்தான்.
பால்வாடியில இன்னும் நாலு பேருக்கு இருக்கும், பாருங்க."
"மருந்து?"
என் குரல் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

எடைக்குத் தக்கபடி காய்ச்சல் சிரப். ஆறின கஞ்சி, மோர்.
மூச்சு வாங்கினா,
கூப்பிட்டும் கண்ணு செருகினா,
தூக்கத்துல திடுக் திடுக்குனு தூக்கிப்போட்டா,
எட்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகலைன்னா
யோசிக்காம தூக்கிட்டு வாங்க.

சாயங்காலம் ஆறரைக்குப் போனாள்.
ஒன்பதுக்கு மூன்று ஸ்பூன் மோர்.
பதினொன்றுக்கு அதையும் துப்பினாள்.
சரக்கு ரயில் ஒன்று நெல்லோடு போனது,
கேட் மூடித் திறந்தது.
நிலைவாசல் வேப்பிலையை அரசி எடுக்கவில்லை,
எடு என்று நானும் சொல்லவில்லை.
ஒன்றரைக்கு இன்னும் இரண்டு ஸ்பூன்.
இரண்டு பத்து. பைக் சாவி கையில்.

"அப்பா, ஒண்ணுக்கு."

கொல்லை விளக்கைப் போட்டுவிட்டு
வேறு பக்கம் பார்த்தபடி காதைக் கொடுத்தேன்.
மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து
கடைமடைக்கு வருமே,
அவ்வளவுதான். நூலாக.