பதினேழாம் தூண்

மூன்றாம் தளம், பதினேழாம் தூண்.
உத்தரம் வந்து அமரும் இடத்தில்
ஒரு விரிசல்.
வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் இரவே கண்ணில் பட்டது.
மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்தில்
காரைத்தான் பார்க்கிறார்கள்.

வினிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஒரு ஹீட்டரும்.
இரண்டில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்கிறது
என்பார் மேலாளர் கிளென்.
சிரித்து வைப்பேன்,
அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

ஜார்ஜியாவில், ரியோனி ஆற்றின் மேலும் கீழுமாய்
எனக்கு ஒன்பது பாலங்கள்.
விண்ணப்பத்தில் முதலில் ஒன்பதும் இருந்தன.
வேலை தேடுவோர் வகுப்பில் மார்லீஸ் சொன்னாள்,
"அதிகம் தெரிந்தவர் என்றால் பயந்துவிடுவார்கள், கெத்தெவான்.
கொஞ்சம் குறையுங்கள்."
ஐந்தாக்கினேன். இரண்டாக்கினேன்.
முனைவர் பட்டத்தையும் அழித்த வாரம்
இந்தக் கூண்டு கிடைத்தது.

அதே வகுப்பில் எபூக்கா, எனுகுவில் பல் மருத்துவன்,
இப்போது வீடு வீடாகப் பீட்சா கொடுக்கிறான்.
கதவு திறந்தவர் நன்றி சொல்லிச் சிரிக்கும்போது
"கீழ் வரிசை, இடமிருந்து நாலாவது, சீக்கிரம்"
என்று வாய்வரை வருமாம்.
"பத்து நாளில் வலிக்கப்போகிறது,
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்துகிறார்கள்" என்றான்.

ஏழு நேர்காணல்கள்.
ஏழிலும் கடைசியாக,
இந்த நாட்டில் அனுபவம் உண்டா?
இங்கே எடை வேறு திசையிலா விழுகிறது
என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது என்றேன்.

விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டேன்,
பக்கத்தில் தேதி.
பிப்ரவரி நான்கில் பேருந்துச் சீட்டின் ஓரம் நுழையவில்லை.
பதினெட்டில் நுழைந்தது.
மார்ச் பதினொன்றில் என் வங்கி அட்டையே நுழைந்தது,
அதற்கு வேறு வேலையும் இல்லை.
பிறகு துருநீர், தேநீர் நிறத்தில்.

கிளென் சொன்னார், உனக்குச் சீட்டு, எனக்குக் கட்டடம்.

அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு
ஆரஞ்சுக் கூம்புகளை இழுத்துப்போய்
அந்த உத்தரத்தின் கீழே நாலு இடத்தையும் மறிப்பேன்.
யாராவது திட்டினால்
எண்ணெய் கொட்டியிருக்கிறது என்பேன்.
நகராட்சிக்கு நாலு பக்க அறிக்கை எழுதினேன்,
சுமைக் கணக்கு, வரைபடம், எல்லாம்.
கடைசியில் கையெழுத்து.
அதன் கீழே பழக்கத்தில் உரிம எண் என்று எழுதிவிட்டு
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
இரவுப் பணி, சீட்டுக் கூண்டு
என்று நிரப்பினேன்.

ஏப்ரலில் ஒரு காலை யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
மாலை நான் வந்தபோது உத்தரத்தின் கீழே
நாலு இரும்பு முட்டுகள்.
"நல்லவேளை, எவனோ கவனித்திருக்கிறான்" என்றார் கிளென்.

அவர் கார் கிளம்பிப் போனபின் மேலே ஏறினேன்.
முதல் முட்டைத் தட்டிப் பார்த்தேன். இரண்டாவதையும்.
மூன்றாவது
செங்குத்தில் இல்லை.

பென்சிலைத் தேடினேன்.