முனிசெங்கம்மா

கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டார்களாம்.
பள்ளிப்பட்டு நூலக மாடியில் ஐந்து போன்,
நகரியில் ஒன்று,
எல்லாருக்கும் ஒரே தாள்.

முதலில் யாராலும் எழுத முடியவில்லை.
‘பார்க்கலாம்’ என்று மட்டும் அனுப்பியிருக்கிறேன், மடச்சி.
‘திருத்தலாம்’ என்று மாற்றியதும்
ஆறு நிறத்தில் கோடுகள் துடித்தன:
பச்சை கோட்டீஸ்வரி, ஊதா தஸ்தகீர்,
ஆரஞ்சில் ரெட்டெப்பா, தெலுங்கில்.

நான் முனியம்மா என்று தட்ட
அதே கட்டத்தில் தஸ்தகீர் செங்கம்மா என்று தட்ட
முனிசெங்கம்மா என்றொருத்தி பிறந்தாள்.
கதவு எண் உண்டு. ஆள் இல்லை.

இருவரையும் வேறு வரியில் எழுதினோம்.
“அவங்கவங்க தெருவை மட்டும் தொடுங்கப்பா”
என்றாள் கோட்டீஸ்வரி.
அதற்குப் பிறகு மோதவில்லை.
பிறந்தவளை அழிக்க மறந்துபோனோம்.
கணக்குப்படி அவளுக்கும்
ஒரு போர்வை, இரண்டு ரொட்டிப் பொட்டலம்.

நாலு மணி இருக்கும்.
பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து
சொட்டச் சொட்ட ஒரு பெண்.
பேர் கேட்டால் பல்தான் அடித்துக்கொள்கிறது,
எந்த மொழியிலும் பதிலில்லை.

பச்சைக் கோடு மெல்ல மேலேறி
அந்த வரியில் நின்றது.
‘வந்தாச்சு.’

எவரு? என்று ஓரத்தில் கேட்டான் ரெட்டெப்பா.
என் போனில் மூன்று சதவீதம்.
தஸ்தகீர் போர்வையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.