இரண்டாம் வாக்குமூலம்

டொக்டர் ஓடர்மாட் மருந்துச் சீட்டைத் திருப்பி
எலும்பொன்று வரைந்தார், குறுக்கே வெட்டினாற்போல்.
உள்ளே சின்னச் சின்ன வட்டங்கள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கவட்டை.
"எவரைப் பிடிக்கவென்று தெரியாமல்
சீட்டுக் குலுக்கிச் செய்த கைகள் இவை.
சில கைகள் உங்களையே பிடிக்கும்."

வேலியே பயிரை மேய்வதென்று
ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்.
உங்கள் ஊரில் வேலிக்கு வாய் உண்டா என்றார்.

என் கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி
மூன்று வாரமாய்ப் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

வெளியே விடுமுன் விசாரணை நடக்குமாம்
அங்கே, என்புமச்சைக்குள்.
உடம்பின் சொந்தப் பொருள்களைக் கைக்கெட்ட வைப்பார்கள்.
இறுகப் பற்றிய கலத்துக்கு வாசல் இல்லை.
ஆனால் உடனே கொல்வதுமில்லை.
அது திரும்பிப் போய்
மென்சங்கிலியை மட்டும் அவிழ்த்து
வேறொன்று கோத்து வரலாம்.
மறுபடி பற்றினால், மறுபடியும் போகலாம்.
"எத்தனை தரம்?"
"கோக்க இழை இருக்கும்வரை.
தீர்ந்த பிறகுதான் சாவு."

செவ்வாய்க்கிழமை, பாசல், இரண்டாம் மாடி,
ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
கஜவதனன் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
நான் காட்டுக்குள் ஓடினேன்.
எனக்கு அப்போது பதினேழு வயது.
என்னை ஏற்றிப்போன வாகனம் வெள்ளை.

முதல் விசாரணையில் அது பச்சை.
அதிகாரி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து
நகத்தால் தட்டினாள்.
கோத்து வர அவனுக்கு
ஓர் இழையும் கொடுக்கவில்லை.
"வெயிலில் எல்லா வாகனமும் வெள்ளைதான் அக்கா"
என்றான், என்னைப் பார்த்து.
அக்காவை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன்.

சொல்லி முடித்த பின்னும் அந்த "நான்"
உடனே என்னை விட்டுப் போவதில்லை.
அன்றிரவு விரல் மூட்டெல்லாம் வீங்கியது.
தொடர்பில்லை என்கிறார் டொக்டர்.
இல்லைத்தான்.

மெல்லப் பற்றும் கலங்கள் வேறு சாதி.
அவற்றை மாற்றுவதுமில்லை, கொல்வதுமில்லை,
வாயை அடைத்து வெளியே விடுகிறார்கள்.
இரத்தத்தில் சுற்றும்; கூப்பிட்டால் திரும்பாது.
துணைக்கலம் ஒன்று வந்து ஓமென்று சொல்லாமல்
சும்மா இருந்தே செத்துப்போகும்.
இதை வரைய இடமில்லாமல்
தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.
அந்தப் புள்ளிக்குள் எனக்குத் தெரிந்த ஆட்கள்:
எஃப் அட்டையோடு பதினோரு வருஷம்,
கோழி ஆலையில் இரவு வேலை,
கல்யாண வீட்டில் கடைசிக் கதிரை.

எனக்குள் எது தப்பி வந்தது?
"லட்சத்தில் ஒன்று. அல்லது
நல்லபடி வெளியே வந்து பிறகு மாறியது.
தெரியாது," என்றார். நேர்மையான மனிதர்.
அது பிடித்திருப்பது என் மரபணு இழையையேயாம்.

காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை.
வெயிலில் நிற்கக்கூடாது.

தொப்பியை இழுத்துவிட்டு ட்ராமுக்கு நின்றேன்.
இந்த ஊர் ட்ராம் பச்சை, எல்லோருக்கும் தெரியும்.
பாலத்து வளைவில் அது திரும்பியபோது
நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன்.
யாராவது கேட்டிருந்தால்
வெள்ளை என்றுதான் சொல்லியிருப்பேன்.