இரண்டு தசமம்

ஏற்காடு ஏரியில் ஒரே ஒரு பாய்மரப் படகு.
அதை மின்னல் தாக்க வாய்ப்பு எவ்வளவு
என்று பார்த்து எழுதச் சொல்லி
என்னை மலை ஏற்றிவிட்டது ஐந்து ரோடு கிளை.

லாரிக்கும் தறிக்கும் கறவை மாட்டுக்கும்
படிவம் உண்டு எங்களிடம். இதற்கு இல்லை.
மாட்டுப் படிவத்தையே எடுத்துப் போனேன்.
'கொம்பின் வடிவம்' என்ற இடத்தில் எழுதினேன்:
பாய்மரம், அலுமினியம், பதினெட்டு அடி.

படகு எமல்டா டீச்சர் தானே கட்டியது.
வாரமெல்லாம் இயற்பியல், ஞாயிறு மட்டும் காற்று.
"உயரம் இரண்டு மடங்கானால் அபாயம் நாலு மடங்கு"
என்றார், கயிற்றைப் பல்லால் இறுக்கியபடி.
"ஆனால் கரையைப் பாருங்கள். சில்வர் ஓக்
எத்தனை ஆள் உயரம்!
மின்னல் அதை விட்டு என்னிடம் வருமா?"

நடு ஏரியில்? என்றேன்.
அங்கே ஓக் இல்லை.
கொஞ்ச நேரம் கயிறு மட்டும் பேசியது.

கடல் என்றால் உப்புநீர் வாங்கிக்கொள்ளும்.
இது மழைத்தண்ணீர், லேசில் வாங்காது.
மரத்தில் இறங்கியது வேறு வழி தேடும்:
ஈரக் கயிறு, சுக்கான், சுக்கான் பிடித்த கை.
'கை' என்று எழுதி அடித்துவிட்டேன்.
படிவம் கேட்பது படகை.

இடி நாட்கள் ஆண்டுக்கு எத்தனை?
எஸ்டேட் ரைட்டர் செல்லாண்டி மழை நோட்டைக் கொடுத்தார்.
இடி கேட்ட நாளுக்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி.
ஏப்ரல், மே பக்கங்களுக்கு
அம்மை போட்டிருந்தது.
"அப்போதுதானே காற்றும் நல்லா அடிக்கும்" என்றார் டீச்சர்.

அந்தக் குழாய் மேட்டூரில் வாங்கியதாம்.
மேட்டூருக்கு இந்த மலையின் பாக்சைட்
லாரி லாரியாக இறங்கிய காலம் உண்டு.
உருகி, வெளுத்து, திரும்பி வந்து
ஏரி நடுவே நிற்கிறது மலையின் ஒரு துண்டு,
கையைத் தூக்கிக்கொண்டு.
இதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது?

நாள், நேரம், உயரம், ஓக்,
பெருக்கி வகுத்ததில் பத்தாயிரத்தில் மூன்று.
கணினி இரண்டு தசமத்துக்கு மேல் ஏற்காது.
0.00 என்று காட்டிப் பச்சையானது.
மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி, அஸ்தம்பட்டி மொட்டைமாடியில்
துணி எடுக்கும்போது
சேர்வராயன் முதுகில் ஒரு வெளிச்சம்.
மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.
எண்ணத் தொடங்கினேன்.
இன்று செவ்வாய். படகு கரையில் கிடக்கும்,
பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்து.
தெரியும்.
ஐம்பது. சத்தம் வரவில்லை.
ஐம்பத்தொன்று.