பதிலாள்

ஹீலோவில் இறங்கிய அன்று பெய்துகொண்டிருந்தது.
பதினேழாம் நாளும் பெய்வது
அதே மழைதானா, வேறா என்று தெரியவில்லை.
செருப்பின் தோலில் பச்சையாய்ப் பூஞ்சை.
இரவெல்லாம் கோக்கீ, கோக்கீ என்று
கட்டைவிரல் அளவுத் தவளைகள்.
அவையும் ஹவாய்க்கு வெளியூர்தானாம்.
பூந்தொட்டிகளில் ஒளிந்து வந்தவை,
திரும்பும் எண்ணம் இல்லாதவை.

நான் ஒரு செமஸ்டருக்கு.
பரிமாற்ற மாணவி என்கிறது கழுத்தில் தொங்கும் அட்டை.
பரிமாற்றம் என்றால் சும்மா சொல்லவில்லை:
கோயம்புத்தூரில், விடுதி அறை நாற்பத்தொன்றில்
என் கட்டிலில் அவள்.
இங்கே அவள் கட்டிலில் நான்.
பார்த்துக்கொண்டதே இல்லை.
எங்கோ கடலுக்கு மேலே
அவள் விமானமும் என் விமானமும்
எதிரெதிர் டவுன் பஸ்போல விலகியிருக்கும்.
ஓட்டுநர்கள் கையசைத்தார்களோ என்னவோ.

பெயர் புவாலனி. கூப்பிடுவது புவா.
புவா என்றால் அவர்கள் மொழியில் பூ.
தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்காக அவள் வைத்துப்போனது
மழைக்கோட்டு, அரிசிக் குக்கர்,
வார் தேய்ந்த ரப்பர் ஸ்லிப்பர்.
நான் வைத்துவந்தது
நகப்பூச்சில் பெயர் எழுதிய நீல பக்கெட்.
இது எதற்கு என்று முதல் வாரம் கேட்டாள்.
இரண்டாம் வாரம் எழுதினாள்:
இன்று எட்டாவது நாள்,
குழாய் விசிலடிக்க மட்டும் செய்கிறது.
புரிந்துவிட்டது.

கவிகா, ஆண்பிள்ளை, ஆறடிக்கு மேல்,
விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்,
புவாவின் அப்பா.
ஞாயிறு சாயங்காலம் ட்ரக்கில் வந்து அழைத்துப்போவார்.
சேம்பை வேகவைத்து இடித்த கூழை
மரவையில் ஊற்றி என் பக்கம் நகர்த்துவார்.
வீட்டில் சேம்பைத் தொட்டதில்லை நான்.
அவள் நாற்காலியில் உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவேன்.
பேச ஒன்றும் இருக்காது.
தகரக் கூரை பேசிக்கொண்டிருக்கும்.
ஒருமுறை கேட்டார், அங்கே அவளுக்குக் குளிருமா.
வேர்க்கும் என்றேன்.
நல்ல சேதி கேட்டதுபோலத் தலையாட்டினார்.

இந்தத் தீவு நம் ஊருக்குப்
பதினைந்தரை மணி நேரம் பின்னால் கிடக்கிறது.
அதனால்தான்
என் சனிக்கிழமை மாலையில்
ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்துவிட்டார்,
புவா அனுப்பிய படத்தில்.
விடுதி வாசல். மொபெட். கைப்பிடியில் மஞ்சள்பை.
பக்கத்தில் வெயிலுக்குக் கண் இடுக்கியபடி அவள்.

இரண்டு வருடம் இருந்தேன் அந்த விடுதியில்.
பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.
ஒரு ஞாயிறும் வந்ததில்லை.
"ஆரு பெத்த புள்ளையோ, அத்தனை தூரத்துல இருந்து வந்து கெடக்குது"
என்றாராம் அம்மாவிடம்.
நாற்பது கிலோமீட்டர் தூரக் கணக்கில் வராதுபோல.
அப்படித் தொடங்கிய ஒரு செய்தியை
அடித்தேன், அழித்தேன், அடித்தேன்,
சோறு வைக்கப் போய்விட்டேன்.

பையில் என்ன என்று மட்டும் கேட்டேன் அவளிடம்.
கொய்யா, கொசுவத்திச் சுருள், தேங்காய் பன்.
அடியில், மண்ணோடு, சேப்பங்கிழங்கு.
போன வாரம் காகிதத்தில் அவள் வரைந்து காட்டினாளாம்.
அப்பாவே வாய்க்கால் ஓரம் தோண்டியிருக்கிறார்.

மறுநாள் கவிகாவிடம் படத்தைக் காட்டினேன்.
விரல்களால் பெரிதாக்கி
மகளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.
பையை நெடுநேரம் பார்த்தார்.
நன்றாக வேகவைக்கச் சொல், என்றார்,
இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

வந்த நாளாய் அப்பாவுக்கு நான் எழுதிய முதல் வரி அது:
கிழங்கு நல்லா வேகணுமாம்.
அங்கே திங்கள் காலை. உடனே பதில்:
தெரியும்.

மரவையைக் கழுவிக் கவிழ்த்து முடிப்பதற்குள்
இன்னொன்று வந்திருந்தது:
அங்க மழையா.

ட்ரக் கொட்டகைக்குப் போய்
ஃபோனைக் கூரைக்கு நேராய்த் தூக்கிப் பிடித்தேன்.
நாற்பது விநாடி.
நடுவில் ஒரு தவளை.