தொண்ணூறு நொடி

பள்ளத்தூர்த் தண்ணீர்த் தொட்டி உச்சியில்
தகரப்பெட்டி, உள்ளே எட்டுக்கால் சிப்.
அலை வந்தால் ரிலேயை மூடு,
போனால் இரண்டு நொடி பொறுத்துத் திற,
பத்து நிமிடத்துக்கொருமுறை மோர்ஸில் பேர் சொல்.
அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

“யாராவது பட்டன்மேல் உட்கார்ந்துவிட்டால்?”
என்றாள் உமையாள்.
தொண்ணூறில் வெட்டு என்று
ஒரு வரி சேர்த்தேன்.

முதல் ராத்திரி தேவகோட்டை சேவுகன்.
வி... வி...
அழைப்புக்குறியின் முதலெழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது,
விரல் மட்டும் விடவில்லை.
சிப் சரியாக எண்ணி வெட்டியது.
பிழையே இல்லை,
அதுதான் உறுத்தியது.

விடிந்ததும் ஏணி. பல்லிடுக்கில் கேபிள்.
ஒரு பைட்டில் இருநூற்றைம்பத்தைந்து வரைதான் இடம்,
முழுவதையும் கொடுத்தேன்.

இப்போது மணி ஒன்பதேகால்.
வி...
ரிலே மூடியே இருக்கிறது.
கண்டனூரில், கோட்டையூரில்
ஒருவரும் குறுக்கே அழுத்தவில்லை.