அல்ரோவின் தாள்

கிளாரின் மனுவேல்பிள்ளை
எழுபத்தாறிலிருந்து எண்பத்துமூன்று ஆடிவரை
கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில்
வாரத்தில் ஆறு இரவு ஜாஸ் பாடினாள்.
திங்கள் ஓய்வு. திங்களில் உடுப்புத் தோய்ப்பாள்.
அந்தக் காலம் பற்றி இதற்கு மேல் அவள் சொன்னதில்லை,
பியானோக்காரர் எப்போதும்
அரை மாத்திரை முந்திவிடுவார் என்பதைத் தவிர.
அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கியபோது
ஒரு சூட்கேஸ், ஓர் இசைக்கவை.
கொய்யாத்தோட்டத்தில் வாடகை வீடு.
பாட்டுப் பழக்கப்படும் என்று பலகை போட்டாள்.
வந்தவர்கள் வர்ணம் கேட்டார்கள், போய்விட்டார்கள்.
மிஞ்சியது மூவர்:
தபால் கந்தோர் எமில்டா,
பல் வைத்தியர் சிவகடாட்சம்,
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் நான்.
மெட்டை எமில்டாவுக்குக் கொடுத்தாள்.
ரெனர் டொக்டர். பாஸ் நான்.
யாருக்கும் கேளாத நடுக்குரலைத்
தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

‘ஒண்டிலயும் மூண்டிலயும் தட்டாதேங்கோ,
ரெண்டிலயும் நாலிலயும் தட்டுங்கோ.’
எங்கள் கைகளுக்கு அது மரியாதைக்கேடு.
சமம் வந்து நிற்கும்போது சும்மா இருப்பது
படலைக்கு வந்த ஆளை
வாருங்கோ என்று கேளாதது மாதிரி.
ஒரு வருடம் பிடித்தது.
டொக்டர் பல் பிடுங்கும்போதும் பழகினார்,
அவரிடம் போனவர்கள் சாட்சி.

‘ஆறுதலா வாங்கோ. ஆனாப் பிந்தாதேங்கோ.’
இது என்ன கதை என்று கேட்டேன்.
‘சங்கக்கடைக் கதவு திறக்கிறது தெரியும்,
ஆனா ஓடாத ஆள் மாதிரி.’

பஸ் நிலையத்தில் நின்று
கொண்டக்ரர்மாரின் கூவலை எழுதி எடுத்தாள்.
கோப்பாய் நீர்வேலி அச்சுவேலி நெல்லியடி,
கடைசி ‘டி’ அந்தரத்தில் தொங்கும்.
கீழே எனக்குத் தும் தும் தூம்.
டொக்டருக்கு ஷு பி டா.
கடதாசி இல்லாத காலம்.
சங்கத்துப் பழைய பேரேட்டில் கிழித்துக் கொடுத்தேன்.
வரவு, செலவு, மீதி, குறிப்பு:
நாலு நிரல்,
வரிக்கு நாலு பார்.

தொண்ணூற்றேழு பங்குனி. சந்தியில் சோதனை.
அவளுடைய கைப்பைக்குள் மடித்த தாள்.
சங்கத்து முத்திரையின் கீழ்
வரவில் ‘பா’, செலவில் ‘டு வா’,
மீதியில் ஏழு தரம் ‘ஊ’.
எந்தக் கணக்கில் சேரும் இது?
யாருக்குப் போகும் சேதி?
பாட்டு என்றாள், நல்ல சிங்களத்தில்.
அப்படியென்றால் பாடு என்றான் அந்தப் பொடியன்.

அல்ரோவைத் தனியே கேட்டவர்களுக்குத் தெரியும்,
அது பாட்டாகப் படாது.
ஒரே சுரத்தில் நிற்கும். அரைப்படி இறங்கும்.
காத்திருக்கும்.
யாரோ பேசாத வசனத்துக்கு ஓம் சொல்லும்.

மெட்டைப் பாடியிருக்கலாம்.
எமில்டாவின் பகுதி அவளுக்குத் தண்ணீர்.
இரண்டு வரி போதும்,
அவனும் தலையை ஆட்டியிருப்பான்.
தாளில் இருந்தது அதுவல்ல.
தாளில் இருந்ததைத்தான்
கொதிக்கும் தாரில், செருப்பைக் கழற்றிய காலோடு,
பதினாறு பாரும்,
ஓய்வுகளை விரலால் எண்ணி,
பாடினாள்.

வரிசையில் நான் நாலாவது ஆள்.
பாஸ் எனக்கும் மனப்பாடம்.
தும் தும் தூம்.
அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது பாட்டில்லை என்றான்.
அவளை விட்டான். தாளை வைத்துக்கொண்டான்.

அடுத்த வெள்ளி எல்லாம் மாற்றி எழுதியிருந்தாள்.
அல்ரோவுக்குப் பதினாறு பார் ஓய்வு.
‘திருப்பி எழுதலாமே மிஸ்’ என்றாள் எமில்டா.
‘எழுதியிட்டன். இதுதான்.’

இப்போதும் அப்படித்தான் பாடுகிறோம்.
அந்த இடத்தில் எமில்டாவுக்கும் எனக்கும் நடுவே
ஓர் ஆள் போய்வருகிற அளவு வெளி.
மழைநாளில் அதற்குள் பீலித் தண்ணீர் கேட்கும்.
தாள் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கலாம்.
யாரோ அதை உடைக்கப் பார்த்திருக்கலாம்.

என்னிடம் அவள் அதுபற்றிக் கதைத்தது ஒரே தரம்,
பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து,
இசைக்கவையை முழங்காலில் தட்டிக்
காதில் வைத்தபடி:
‘அண்டைக்குப் பாஸ் பிந்தியிட்டுது.’

பிறகு தட்டத் தொடங்கினாள்,
ரெண்டில்.